பதில் சொன்னது யார்?

இன்டர்நெட் ஒரேயடியாகப் போய்விட்டால் பிரச்சினை இல்லை. ஏதோ ஒன்று செத்திருக்கிறது என்று அர்த்தம். எது என்று பார்த்து மாற்றிவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். எங்கள் ஆபீசுக்கு வந்தது அந்த மாதிரி வியாதி இல்லை. போகும், நாலைந்து நிமிஷத்தில் வரும். ஒரே காலையில் மூன்று தடவை போய்விட்டு, அடுத்த இரண்டு நாள் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். சரியாகிவிட்டது என்று நாங்கள் நம்ப ஆரம்பிக்கிற நேரம் பார்த்து மறுபடியும் போகும்.

2018 பிப்ரவரி கடைசி. கோயம்புத்தூர் பீளமேட்டில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் 40 பேர் வேலை பார்க்கிற சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. நெட்வொர்க்குக்கென்று தனியாக ஆள் கிடையாது. காலேஜில் இசிஇ படித்தவன் என்ற ஒரே காரணத்தால் ஒயர் சம்பந்தப்பட்ட எல்லாமே என் தலையில் வந்து விழும். பிரின்டர் ஓடவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததில் அந்தப் பெருமைக்கும் பங்கு இருக்கிறது.

ஆபீசின் கேட்வே ஸ்டோர் ரூமில் இருந்தது. பான்ட்ரிக்குப் பக்கத்தில் ஆறடிக்கு எட்டடி அறை. ஒரு ஓரத்தில் யுபிஎஸ், அதற்கு மேல் சுவரில் ரேக், அதில் கேட்வேயும் ஸ்விட்சும். எதிர்ச்சுவர் அலமாரியில் ஏ4 பேப்பர் கட்டுகள், ஃபினாயில், விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் பீங்கான் கப்புகள், பிஸ்கட் டின். அந்த அறையின் சாவி எங்கள் ஆபீஸ் அண்ணனிடம் இருக்கும். பேர் சொல்லிக் கூப்பிடுபவர்கள் யாரும் இல்லை. எம்.டி. முதல் நேற்றுச் சேர்ந்த ட்ரெய்னி வரை எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். கம்பெனி ஆறு பேரோடு தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறார். அதற்கு முன் இருபது வருஷத்துக்கு மேல் ஸ்பின்னிங் மில்லில் வேலை. மில் மூடிய பிறகு இங்கே வந்தவர். சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்து வைத்திருப்பார். நடக்கும்போது அது கிலுங்குகிற சத்தம் கேட்டால் டீ வருகிறது என்று தெரியும்.

*

கேட்வே என்றால் என்ன என்று வெளியாட்களுக்குச் சொல்ல நான் ஒரு தெருவைத்தான் உதாரணம் காட்டுவேன். ஒரு தெருவில் 40 வீடுகள். தெருவுக்குள் யாருக்கு வேண்டுமானாலும் நேரில் போய்க் கொடுத்துவிடலாம். ஆனால் தெருவைத் தாண்டிப் போகவேண்டிய ஒவ்வொரு கடிதத்தையும் தெருமுனையில் இருக்கும் ஒரே ஒரு ஆளிடம் கொடுக்க வேண்டும். அவர்தான் வெளியே அனுப்புவார், வெளியிலிருந்து வருவதை வாங்கி உரியவரிடம் சேர்ப்பார். அந்த முனை ஆள்தான் கேட்வே. எங்கள் தெருவில் அவருடைய கதவு எண் 192.168.1.1. உங்கள் வீட்டு வைஃபை ரௌட்டரின் எண்ணும் அநேகமாக இதுவாகவோ இதற்குப் பக்கத்திலோதான் இருக்கும். இப்படி உள்ளுக்குள் மட்டும் புழங்கும் எண்களை யார் வேண்டுமானாலும் அனுமதி கேட்காமல் வைத்துக்கொள்ளலாம் என்று 1996-லேயே ஒதுக்கிவிட்டார்கள். அதனால் ஊரெல்லாம் ஒரே கதவு எண். தெருக்கள் தனித்தனியாக இருக்கும்வரை அதில் தொந்தரவு இல்லை.

இன்டர்நெட் போனால் முதலில் செய்வது பிங். மைக் மூஸ் என்ற அமெரிக்கர் ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்தபோது, 1983 டிசம்பரில், தன் நெட்வொர்க்கில் ஏதோ ஒன்று சரியில்லை என்று ஒரே இரவில் எழுதிய சின்ன புரோகிராம் அது. நீர்மூழ்கிக் கப்பல்களின் சோனார் எழுப்பும் சத்தத்தை வைத்துப் பெயர் சூட்டினார். இதுதான் தன் பெயரை நிலைக்கவைக்கும் என்று தெரிந்திருந்தால் இன்னும் ஓரிரு நாள் உட்கார்ந்து செப்பம் செய்திருப்பேன் என்று பிற்பாடு எழுதினார். 2000-இல் சாலை விபத்தில் இறந்துபோனார். 35 வருஷம் கழித்து பீளமேட்டில் உட்கார்ந்துகொண்டு நான் அந்த புரோகிராமைத்தான் தட்டிக்கொண்டிருந்தேன். அது செய்வது ஒரே ஒரு வேலை. “இருக்கியா?” என்று கேட்கும். எதிராளி “இருக்கேன்” என்றால் எத்தனை மில்லிசெகண்டில் சொன்னான் என்று காட்டும்.

நான் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி என் மெஷினில் ஓடவிட்டேன். ஒவ்வொரு செகண்டும் மூன்று பேரிடம் கேட்கும்: எங்கள் கேட்வே, சர்வீஸ் புரொவைடரின் முதல் ரௌட்டர், வெளியே கூகுளின் 8.8.8.8. பதிலை நேரத்தோடு குறித்து வைக்கும். அடுத்த தடவை நெட் போனபோது லாகைத் திறந்து பார்த்தேன். 192.168.1.1 ஒரு செகண்டுகூட விடாமல் பதில் சொல்லியிருந்தது. மற்ற இரண்டும் மௌனம்.

எனக்கு ஒரே சந்தோஷம். உள்ளே எல்லாம் சரி, கேட்வே உயிரோடு இருக்கிறது, வெளியேதான் கோளாறு என்று நாற்பது பக்க லாகை புரொவைடருக்கு அனுப்பி வைத்தேன். ஒரு பையன் வந்தான். ஃபைபரின் முனையைத் துடைத்தான், மீட்டர் வைத்து வெளிச்சத்தின் அளவைப் பார்த்தான், கனெக்டரை மாற்றிக்கூடப் போட்டான். “லைன் கிளியரா இருக்குங் சார்” என்றான். மூன்று தடவை வந்தான். மூன்றாவது தடவை நான் அவனிடம் குரலை உயர்த்திப் பேசினேன். “லாக் பொய் சொல்லுதாப்பா?” என்று கேட்டேன். பாவம், பதில் சொல்லாமல் ஏணியை மடக்கிக்கொண்டு போனான்.

லாக் பொய் சொல்லவில்லை. பதில் வந்தது நிஜம். பதில் சொன்னது யார் என்று மட்டும் நான் கேட்கவில்லை. பிங் அதைக் கேட்காது.

*

அதற்கப்புறம் நாங்கள் செய்யாத வைத்தியம் இல்லை. டிஎன்எஸ்ஸை மாற்றினோம். கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டினோம். கேட்வே சூடாகிறதோ என்று ஸ்டோர் ரூமில் ஒரு டேபிள் ஃபேன் வைத்தோம். நெட் போகும்போது கேட்வேயை ரீஸ்டார்ட் செய்தால் உடனே சரியாகிவிடுகிறது என்று ஒருநாள் கண்டுபிடித்தோம். அப்படியென்றால் கேட்வேதான் நோஞ்சானாகிவிட்டது என்று முடிவுசெய்து 40,000 ரூபாய்க்குப் புதிதாக ஒன்று வாங்கச் சொன்னேன். எம்.டி. முகம் சுளித்தபடி கையெழுத்துப் போட்டார். பழையதில் இருந்த அதே செட்டிங்குகளை, அதே கதவு எண்ணோடு, புதியதில் ஏற்றினேன். இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் அமெரிக்க கிளையன்ட்டோடு பேசிக்கொண்டிருந்தபோது போனது.

ஜிம் கிரே என்ற கம்ப்யூட்டர் விஞ்ஞானி 1985-இல் எழுதிய கட்டுரையில் பிழைகளை இரண்டு சாதியாகப் பிரிக்கிறார். எப்போது தட்டினாலும் அதே இடத்தில் உடைபவை ஒன்று. பார்க்கப் போனால் மறைந்துகொள்பவை மற்றொன்று. இரண்டாவதற்கு ஹைசன்பர்க் பெயரில் ஹைசன்பக் என்று செல்லப்பெயர். காலேஜில் இதைப் படித்தபோது தமாஷாக இருந்தது. ஒரு மாதம் கூடவே வாழ்ந்து பார்த்தால் தமாஷ் போய்விடுகிறது. காரணம் தெரியாத ஒன்று அடிக்கடி நடந்துகொண்டே இருந்தால் மனுஷன் காரணத்தைத் தேடுவதை விட்டுவிட்டு ஆளைத் தேட ஆரம்பிக்கிறான்.

எங்கள் அட்மின் சார் கெட்டவர் இல்லை. ஒழுங்கானவர், எதையும் நோட்டில் எழுதி வைப்பவர். நெட் போன நேரங்களை எல்லாம் குறித்து வைத்தார். பிறகு காரிடார் சிசிடிவியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். ஒருநாள் மாலை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு நோட்டைக் காட்டினார். கடைசி பதினோரு தடவையில் ஒன்பது தடவை, நெட் போவதற்குப் பத்து நிமிஷத்துக்குள் அண்ணன் ஸ்டோர் ரூமுக்குள் போயிருக்கிறார்.

“நீங்க டெக்னிகலா சொல்லுங்க. கப்பு எடுக்கப் போறப்ப ஒயரைத் தட்டிவிட வாய்ப்பிருக்கா?”

நான் சொன்ன பதில் ஒரே ஒரு வார்த்தை. “இருக்கலாம் சார்.”

இந்த வார்த்தையை இன்று நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது. ஒயர் தட்டுப்பட்டுக் கரன்ட் போயிருந்தால் கேட்வே அணைந்து மறுபடி எழுந்திருக்கும். எழுந்தால் லாகில் பதிவாகும். நாங்களாக ரீஸ்டார்ட் செய்த நேரங்களைத் தவிர அதில் வேறு எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். கேபிள் ஆடியிருந்தால் கேட்வேக்கு அனுப்பிய பிங்கும் நின்றிருக்கும். நிற்கவில்லை என்பதும் தெரியும். என்னிடம் இருந்த இரண்டு லாகுமே அண்ணனுக்குச் சாட்சி சொல்லத் தயாராக இருந்தன. ஆனால் ஒரு மாதமாக எல்லோர் கண்ணும் என் மேல் இருந்தது. அன்று மாலை முதல்முறையாக அது வேறு பக்கம் திரும்பியது. அந்த நிம்மதியில் வந்த வார்த்தை அது.

வெள்ளிக்கிழமை சாவியை வாங்கிக்கொண்டார்கள். யாரும் திட்டவில்லை. “கொஞ்ச நாளைக்கு என்கிட்ட இருக்கட்டும்ண்ணே” என்று அட்மின் சார் தணிவாகத்தான் கேட்டார். அண்ணன் அங்கேயே நின்று கயிற்றின் முடிச்சை அவிழ்த்தார். எட்டு வருஷத்து முடிச்சு, உடனே அவிழவில்லை. நகத்தால் நெம்பிக்கொண்டே, “நான் எதையும் தொட்டதில்லீங்க” என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

*

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதற்கு இரண்டு வாரம் முன்பே அண்ணன் என் சீட்டுக்கு வந்திருந்தார். டீயை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

“தம்பி, ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்க மாட்டீங்களே?”

“சொல்லுங்கண்ணே.”

“மீட்டிங் ரூம்ல டிவி போடற அன்னிக்குத்தாங்க இது போகுது. நானும் பாத்துட்டேன். மில்லுல இழை அறுந்துட்டே இருந்துச்சுன்னா மெசினைத் திட்ட மாட்டமுங்க. எந்நேரத்துல அறுகுதுன்னுதான் மொதல்ல பாப்போம். வெயில் ஏறுனா அறுகும், காத்துல ஈரம் இருக்காது. அந்த மாதிரி இதுவும் டிவி போட்டாத்தாங்க.”

நான் சிரித்தேன். கிண்டலாகச் சிரிக்கவில்லை, பிரியமாகத்தான். “டிவிக்கும் நெட்டுக்கும் என்னண்ணே சம்பந்தம்? அது வேற, இது வேற” என்றேன். “அதானுங்களே, நமக்கென்ன தெரியுது” என்று போய்விட்டார்.

அட்மின் சாரின் நோட்டிலும் அதே கணக்குத்தான் இருந்தது என்பதைக் கவனியுங்கள். விருந்தாளி வந்தால் அண்ணன் ஸ்டோர் ரூமுக்குப் போய் பீங்கான் கப் எடுப்பார். அதே நேரம் மீட்டிங் ரூமைத் தயார் செய்வார். இரண்டு பேரும் ஒரே நிகழ்ச்சியைத்தான் பார்த்தார்கள். ஒருவர் அதில் ஒரு ஆளைப் பார்த்தார், மற்றவர் ஒரு நேரத்தைப் பார்த்தார்.

டெஸ்டிங் டீமில் ஒரு பெண்ணும் சொல்லியிருக்கிறாள். எல்லோரும் நெட் இல்லை என்று எழுந்து நிற்கும்போது, “எனக்கு வருதே” என்பாள். “பழைய பேஜ் கேஷ்ல இருந்து வந்திருக்கும்” என்று நான் மூடிவிட்டேன். முனையில் இருக்கும் ஆள் ஒருவர்தான் என்றால், அவர் செத்தால் எல்லோருக்கும் சாகவேண்டும். சிலருக்கு மட்டும் எப்படி உயிரோடு இருப்பார்? அவள் கேட்ட கேள்வி அது. நான் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை.

*

சாவி போன மறுநாள் சனிக்கிழமை. பாதி ஆபீஸ்தான். அட்மின் சாருக்கு லீவு. திருப்பூரிலிருந்து ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரர்கள் ரிவியூவுக்கு வந்திருந்தார்கள். பீங்கான் கப் எடுக்கச் சாவி இல்லாததால் அண்ணன் பேப்பர் கப்பில் டீ கொடுத்தார். விருந்தாளிக்குப் பேப்பர் கப்பை நீட்டும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் நெட் போனது.

அண்ணன் காலி ட்ரேயோடு என் பக்கத்தில் வந்து நின்றார். கோபமில்லை. “இப்ப நான் உள்ள போகலீங்களே தம்பி” என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஏதாவது செய்ய வேண்டுமே என்று, முன்பே செய்திருக்க வேண்டிய ஒன்றைச் செய்தேன். ஏஆர்பி அட்டவணையை எடுத்துப் பார்த்தேன்.

மறுபடி தெரு உதாரணத்துக்கு வருகிறேன். கதவு எண் தெரிந்தால் மட்டும் கடிதத்தைக் கொடுத்துவிட முடியாது. அந்த எண்ணுக்குரிய ஆளின் முகம் தெரிய வேண்டும். நெட்வொர்க்கில் அந்த முகத்துக்கு மேக் முகவரி என்று பெயர். கார்டைத் தயாரிக்கும்போதே பொறித்து அனுப்புவது. எண்ணுக்கு முகத்தைக் கண்டுபிடிக்க உங்கள் கம்ப்யூட்டர் தெருவில் நின்று கத்தும்: “192.168.1.1 யாருங்க?” உரியவர் “நான்தான்” என்பார். அந்த முகத்தை மனசில் குறித்து வைத்துக்கொண்டு, பிறகு எல்லாக் கடிதத்தையும் அவரிடமே கொடுக்கும். 1982 நவம்பரில் டேவிட் பிளம்மர் எழுதிய ஆர்எஃப்சி 826 சொல்லும் ஏற்பாடு இதுதான். இன்றுவரை ஆபீஸ்களிலும் வீடுகளிலும் ஓடிக்கொண்டிருப்பது இதுதான். “நான்தான்” என்பவனிடம் அத்தாட்சி கேட்க அதில் வழி இல்லை. யாரும் கேட்காமலே ஒருவன் தெருவில் வந்து “நான்தான் 192.168.1.1” என்று அறிவித்தாலும் பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் பழைய முகத்தை அழித்துவிட்டுப் புதியதைக் குறித்துக்கொள்ளும். கடைசியாகக் கேட்ட குரலே உண்மை.

அப்பாவித்தனம் என்று சிரிக்க வேண்டாம். உலக இன்டர்நெட்டே இந்த நம்பிக்கையில்தான் கட்டியது. 2008 பிப்ரவரியில் பாகிஸ்தான் அரசு யூடியூபைத் தடைசெய்தபோது, அங்கிருந்த டெலிகாம் நிறுவனம் தன் நாட்டுக்குள் மட்டும் சொல்லவேண்டிய “யூடியூப் இந்தப் பக்கம்” என்ற அறிவிப்பு வெளியே கசிந்துவிட்டது. உலகம் அதை நம்பி அங்கே போய் நின்றது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் பல நாடுகளில் யூடியூப் இல்லை. தெரு பெரிதானாலும் ஏற்பாடு அதேதான்.

என் திரையில் 192.168.1.1-க்கு நேராக இருந்த முகம் எங்கள் கேட்வேயுடையது இல்லை. மேக் முகவரியின் முதல் பாதி எந்தக் கம்பெனி தயாரித்தது என்பதைச் சொல்லும். தேடிப் பார்த்தேன். வீடுகளுக்கு மலிவு விலை ரௌட்டர் செய்யும் ஒரு கம்பெனி. அது நம் ஆபீசில் இல்லையே என்று நினைத்த அடுத்த நொடியே வயிற்றில் ஏதோ புரண்டது.

ஜனவரியில், பொங்கல் முடிந்த வாரம், ஒரு டெமோ. கிளையன்ட் முன்னால் ஐந்து டேப்லெட்டுகளை எங்கள் டெஸ்ட் சர்வரோடு பேசவைத்துக் காட்ட வேண்டும். அதற்குத் தனியாக ஒரு வைஃபை இருந்தால் தேவலை என்று வீட்டில் சும்மா கிடந்த பழைய ரௌட்டரை எடுத்து வந்து மீட்டிங் ரூமில் டிவிக்குப் பின்னால் மாட்டியது நான். புதிதாக வருபவர்களுக்கு எண் கொடுக்கும் டிஎச்சிபி வேலையை அதில் அணைத்தேன். இரண்டு பேர் எண் கொடுத்தால் குழப்பம் வரும் என்கிற ஜாக்கிரதை எனக்கு இருந்தது. ஆனால் ரௌட்டரின் சொந்த எண்ணை மாற்றவில்லை. கம்பெனியில் இருந்து வந்தபடியே 192.168.1.1. டேப்லெட்டுகளுக்கு வெளி இன்டர்நெட் தேவைப்படவில்லை என்பதால் டெமோ அட்டகாசமாக நடந்தது. கை குலுக்கினார்கள். ரௌட்டரை மறந்துபோனேன்.

அதன் பிளக் டிவியின் எக்ஸ்டென்ஷன் போர்டில் இருந்தது. விருந்தாளி வந்தால் அண்ணன் போர்டைப் போடுவார். ரௌட்டர் விழித்தெழுந்து தெருவுக்கே “நான்தான்” என்று அறிவிக்கும். பாதிப் பேர் அதை நம்பி எல்லாக் கடிதத்தையும் அதனிடம் கொடுப்பார்கள். அதற்கு வெளியே போக வழி கிடையாது, அப்படியே கீழே போட்டுவிடும். ஆனால் “இருக்கியா?” என்று பிங் கேட்டால் ரொம்பச் சமத்தாக “இருக்கேன்” என்று சொல்லும். உண்மையான கேட்வேயும் அவ்வப்போது குரல் கொடுக்கும், சிலர் அந்தப் பக்கம் திரும்புவார்கள். கேட்வேயை ரீஸ்டார்ட் செய்தால் அதுவும் எழுந்து உரக்க அறிவிக்கும், எல்லோரும் குணமாவார்கள். மீட்டிங் முடிந்ததும், கரன்ட் வீணாகக் கூடாது என்று அண்ணன் பொறுப்பாகப் போர்டை அணைப்பார். சில நிமிஷங்களில் மிச்சமிருந்தவர்களுக்கும் தெளியும். அந்த இரண்டு மாதத்தில் ஆபீசில் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.

விருந்தாளிகள் போன பிறகு ரௌட்டரைக் கழற்றிப் பார்த்தேன், மாட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் என் திரையில் முகம் மாறியது. பிறகு புது கேட்வேயின் லாகைத் தோண்டினேன். “இந்த முகவரியை வேறொரு கருவியும் பயன்படுத்துகிறது” என்று முதல் வாரத்திலிருந்தே எழுதி வைத்திருக்கிறது. வெளிப்பக்கம் சம்பந்தப்பட்ட வரிகளை மட்டும் வடிகட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்கு அது தெரியவில்லை.

ரௌட்டரைப் பையில் போடும்போது அண்ணன் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“என்னங்க தம்பி அது?”

“பழைய ரௌட்டர்ண்ணே. இனிமே தேவையில்லை.”

அவ்வளவுதான் சொன்னேன்.

*

திங்கட்கிழமை நெட் போகவில்லை. செவ்வாயும் இல்லை. செவ்வாய் மாலை காபி குடிக்கும்போது அட்மின் சார் எம்.டி.யிடம், “சாவியை வாங்கி வெச்சேன், நின்னுடுச்சு பாருங்க சார்” என்றார். எம்.டி. தலையை ஆட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். டம்ளரில் ஏடு படிந்திருந்தது, அதை விரலால் எடுத்துக்கொண்டிருந்தேன்.

மெயில் சனிக்கிழமை இரவே எழுதிவிட்டிருந்தேன். டிராஃப்ட்டில் கிடந்தது. அதில் என் மொழி எப்படி இருந்தது தெரியுமா? “மீட்டிங் ரூமில் ஒரு ரௌட்டர் இணைக்கப்பட்டிருந்தது கண்டறியப்பட்டது. முகவரி மோதலால் தடங்கல் ஏற்பட்டிருக்கிறது. கருவி அகற்றப்பட்டுவிட்டது.” இணைக்கப்பட்டது, கண்டறியப்பட்டது, அகற்றப்பட்டது. எல்லாம் தானாக நடந்த மாதிரி. ரிப்போர்ட் என்றால் இப்படித்தான் எழுத வேண்டும் என்று நமக்குப் பழக்கம். இந்த மொழியில் ஒரு குற்றத்தைச் சொல்லிவிடலாம், யார் செய்தது என்று மட்டும் சொல்லவேண்டி வராது. அதைக்கூட அனுப்பத் தைரியம் வரவில்லை. அப்ரைசல் மாதம். 40,000 ரூபாய் கேட்வே வேறு. இனிமேல் நெட் போகப்போவதில்லை, அண்ணனை யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை, தானாக எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை ஒரு கிளையன்ட் வந்தார். அண்ணன் கப் எடுப்பதற்காகச் சாவி கேட்டு அட்மின் சார் அறை வாசலில் நின்றார். அவர் போனில் இருந்தார். ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டினார். அண்ணன் நின்றார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். போன் முடியவில்லை. அண்ணனின் வலது கை தானாக இடுப்புக்குப் போனது, கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கீழே வந்தது.

நான் டிராஃப்ட்டை அழித்துவிட்டு நாலு வரி எழுதினேன். ரௌட்டரை மாட்டியது நான். எண்ணை மாற்ற மறந்தது நான். அண்ணனால் இருக்கலாம் என்று நான் சொன்னது தப்பு, அது தப்பு என்பதற்கான ஆதாரம் அப்போதே என்னிடம் இருந்தது. சனிக்கிழமையே கண்டுபிடித்துவிட்டு இன்றுவரை சொல்லவில்லை. எல்லோருக்கும் அனுப்பினேன்.

எம்.டி. கூப்பிட்டார். சிரித்தார். “எலியைப் பிடிச்சுட்டேல்ல, விடுப்பா. இதெல்லாம் எக்ஸ்பீரியன்ஸ்” என்றார். அப்ரைசலில் ஒரு குறையும் வைக்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். நாற்காலியை விட்டு எழும்போதுதான் உறைத்தது. நான் நிஜமாகச் செய்தது எனக்கு எக்ஸ்பீரியன்ஸ். அண்ணன் செய்யாதது அவருடைய இடுப்பிலிருந்து அவிழ்க்கவேண்டிய சாவி. ஒரே தப்புக்கு இரண்டு விலை. அந்த விலைப்பட்டியலை நாங்கள் யாரும் உட்கார்ந்து எழுதவில்லை. ஆனால் எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரிந்திருந்தது.

பான்ட்ரியில் அண்ணன் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். அடுப்பைக் குறைத்துவிட்டுக் கேட்டார். முடித்ததும் கொஞ்ச நேரம் பாலையே பார்த்தார்.

“அன்னிக்குப் பையில போட்டீங்களே, அதுதானுங்களா?”

“ஆமாண்ணே.”

“அப்ப டிவின்னு நாஞ்சொன்னது?”

“கிட்டத்தட்ட அதேதாண்ணே. டிவி போடற போர்டுதான்.”

“அதானுங்க” என்றார். அவர் முகத்தில் அப்போது வந்த திருப்தியை நான் எதிர்பார்க்கவில்லை. மன்னிப்பு கேட்டேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. டீயை ஆற்றி ஒரு டம்ளரை என் கையில் கொடுத்தார்.

அடுத்த வாரம் ஒரு ஞாயிறு உட்கார்ந்து ஆபீஸ் நெட்வொர்க்கின் எண்களையே மாற்றினேன், வீட்டு ரௌட்டர் எதுவும் பிறக்கும்போதே வைத்திருக்காத எண்ணாக. சந்தேகமான முகம் “நான்தான்” என்றால் வாயை அடைக்கும் வசதி ஸ்விட்சில் ஏற்கெனவே இருந்தது, அதைப் போட்டுவிட்டேன். புரொவைடர் பையனின் நம்பருக்குக் கூப்பிட்டு, லைன் கிளியர்தான் என்று சொன்னேன். “தெரியுமுங் சார்” என்றான்.

அட்மின் சார் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். எல்லோர் முன்னாலும்தான் கொடுத்தார், அதைச் சொல்ல வேண்டும். அண்ணன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஆனால் கயிற்றில் கோக்கவில்லை. பான்ட்ரி சுவரில், கேலண்டருக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்து மாட்டினார்.

“இங்கயே கெடக்கட்டுங்க தம்பி. யாரு வேணா எடுத்துக்கலாம்.”

அதற்கப்புறம் நான் அந்தக் கம்பெனியில் ஒன்றரை வருஷம் இருந்தேன். சாவி ஆணியிலேயே இருந்தது. டீ வருவது சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தது.